எனக்கென்று ஒரு சாட்சி

எங்கள் சபையில் ஆட்களை அழவைப்பதில் என் மாமாவை மிஞ்ச ஆள் கிடையாது. ஐயர் ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பிரசங்கம் செய்தும் வராத கண்ணீர், மாமா எழுந்து நின்று லேசாகச் செருமியதுமே வந்துவிடும். ஐயர் என்றால் பூணூல் போட்டவர் அல்ல, எங்கள் சபைப் போதகர். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். மாமா வாயைத் திறப்பதற்கு முன்பே பெண்கள் முந்தானையை எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில் அழாமல் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான். எனக்கு அப்போது பத்து வயது. அழாததற்குக் காரணம் கல்நெஞ்சு அல்ல. வயிற்றெரிச்சல்.

மாமா என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். திருப்பூரில் நூலுக்குச் சாயம் போடும் பட்டறை ஒன்றில் வேலை. தலைமுறை தலைமுறையாகத் தறி ஓட்டி, வருஷம் தவறாமல் முருகனுக்குக் காவடி எடுத்த குடும்பம் அது. அந்தக் குடும்பத்தில் பிறந்த தங்கை, கல்யாணமான இரண்டாம் வருஷம் புருஷனோடு போய் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டதை மாமாவால் பொறுக்க முடியவில்லை. என்ன செய்தால் வலிக்கும் என்று யோசித்திருக்கிறார்.

குருத்தோலை ஞாயிறு அன்று எங்கள் சபையார் வெள்ளை உடுத்தி, கையில் தென்னங்குருத்தைப் பிடித்துப் பாடிக்கொண்டு தெருவில் போவது வழக்கம். மாமா பட்டறையிலிருந்து ஒரு வாளி சிவப்புச் சாயத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, தெருமுக்கில் ஒளிந்து நின்று, ஊர்வலம் பக்கத்தில் வந்ததும் வீசி ஊற்றிவிட்டார். வேறு ஆளாக இருந்தால் கல்லெடுத்து எறிந்திருப்பான். கல் பட்ட காயம் பத்து நாளில் ஆறிவிடும். எது போகவே போகாது என்று சாயக்காரருக்குத் தெரியும்.

முன்னால் நடந்த மூப்பரின் வேட்டி போயிற்று. சபைக் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் அவர். கைக்காசைக் கறாராகப் பிடிக்கிற மனிதர், ஆகையால் அந்த வேட்டியை எறியாமல் வீட்டு ஜன்னலுக்குத் திரையாகப் போட்டு, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். என் அம்மாவின் வெள்ளைப் புடவையும் போயிற்று. அம்மாவும் எதையும் எறிகிறவள் அல்ல. பிற்பாடு அதைக் கிழித்து எனக்கு உள்பாவாடை தைத்துப் போட்டாள். சாயம் விழுந்த அன்று நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். ஆக அந்தச் சாயம் என் மேலும்தான் விழுந்தது என்பது என் கட்சி. ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் பட்டியலில் என்னை யாரும் சேர்க்கவில்லை.

அதற்கப்புறம் ஒன்பது வருஷம் அண்ணன் தங்கைக்குள் பேச்சில்லை. நான் மாமாவை நொய்யல் பாலத்தருகில் தூரத்திலிருந்து இரண்டொரு தடவை பார்த்திருக்கிறேன். முழங்கை வரைக்கும் சிவந்த கையோடு நடந்துபோவார். அம்மா என் தலையைப் பிடித்து வேறு பக்கம் திருப்பிவிடுவாள்.

பிறகு ஒருநாள் பட்டறையில் கொதித்துக்கொண்டிருந்த சாய அண்டா சரிந்து மாமாவின் இரண்டு கால்களிலும் ஊற்றிவிட்டது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். என் அப்பா பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிறவர். வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார். அம்மா அதை வெந்நீரில் போட்டு அவித்து, வெயிலில் காயவைத்து மடித்துக் கொடுப்பாள். பனியன் துணியைப் போலப் புண்ணுக்கு மெத்தென்று இருப்பது வேறொன்றும் இல்லை. தினமும் வேலை விட்டதும் அப்பா அந்தத் துணியையும் தூக்குப்போசியில் கஞ்சியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். போய்ப் புண்ணைக் கட்டிவிட்டு வந்துவிடுவார். சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அப்பாவுக்குப் பேச்சு அவ்வளவாக வராது.

கடைசியில் மாமாவே கேட்டாராம். “ஏனுங் மாப்ளை, நீங்க என்னைய ஒரு வார்த்தை வைய மாட்டீங்களா?”

“வஞ்சா புண்ணு ஆறுங்களா மச்சான்?” என்றாராம் அப்பா.

இவ்வளவுதான் நடந்தது. கால் ஆறி எழுந்த மாமா, ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக் கோயிலுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மாமாவின் மனைவி, என் அத்தை, அதே வாரம் மகனைக் கூட்டிக்கொண்டு பெருமாநல்லூரில் இருந்த அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். முன்னே வந்த காதைவிடப் பின்னே வந்த கொம்பு பெரிது என்று சொல்வார்கள். அதன் அர்த்தம் எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

முதலில் என் கயிற்றுக் கட்டில் போயிற்று. புண் ஆறிய காலோடு தரையில் படுக்கக்கூடாதாம். அடுத்து முட்டை. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கோழி. அது இடுகிற முட்டை நான் பிறந்தது முதல் எனக்குப் பாத்தியப்பட்டது. இப்போது அது அவித்து உரித்து மாமாவின் தட்டில் போய் உட்கார்ந்தது. “மாமனுக்குத் தோலு வளரோணும் கண்ணு” என்றாள் அம்மா. எனக்கு மட்டும் வளர வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால், பொறாமைப்படுவது பாவம் என்று அதற்கும் ஒரு பாடம் நடக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம் அம்மாதான். மாமா வந்த பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தான் சின்னப் பெண்ணாக இருந்தபோது தறிக்குழியில் விழுந்ததை, பாவு நூல் ஓட்டும்போது அண்ணனோடு சண்டை போட்டதை எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு இவ்வளவு சிரிப்பு இருந்ததே எனக்குத் தெரியாது. பத்து வருஷம் கூட இருந்த எனக்குக் காட்டாததை நேற்று வந்தவருக்குக் காட்டுகிறாளே என்று இருந்தது. மாமாவிடம் ஒரு காரியம் மட்டும் விசித்திரமாக இருந்தது. என் உள்பாவாடை கொடியில் காயும்போது அந்தப் பக்கமே வரமாட்டார். கொல்லைக்குப் போக வேண்டுமானாலும் வீட்டைச் சுற்றிக்கொண்டு போவார். பெண்பிள்ளை துணி என்று கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.

சபையில் அவருக்கு உடனே ஞானஸ்நானம் கொடுத்துவிடவில்லை. ஒரு வருஷம் போகட்டும், ஆளைப் பார்க்கலாம் என்றார் மூப்பர். அந்த ஒரு வருஷமும் சனிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும். பாட்டு முடிந்ததும் மூப்பரே, “சாட்சி சொல்லட்டுமுங்க” என்று மாமாவைக் கை காட்டுவார். சாட்சி என்றால், தான் எப்படி இருந்தோம், எப்படி மாறினோம் என்று எல்லார் முன்னாலும் சொல்வது. மாமா எழுந்திருப்பார். செருமுவார். முந்தானைகள் தயாராகும்.

“என்ற தங்கச்சி வயித்துப் புள்ளையோட நின்னாளுங்க. நான் அவ மூஞ்சியப் பாத்துட்டேதானுங்க ஊத்துனேன்.”

இந்த இடம் வந்ததும் எல்லாரும் என் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு அழுவார்கள். வயித்துப் பிள்ளை இதோ உட்கார்ந்திருக்கிறேன் என்று நான் எத்தனையோ தடவை முதுகை நிமிர்த்திக் காட்டியிருக்கிறேன். ஒரு கண்கூட என் பக்கம் வந்ததில்லை. வீரபாண்டியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. பத்து வருஷமாகக் கோயிலைப் பெருக்கி, பாய் விரித்து, பாட்டுக்குத் தாளம் போட்ட என் அப்பாவை யாரும் சாட்சி சொல்லக் கூப்பிட்டதில்லை. என்ன இருக்கிறது அவர் சொல்ல? யார் மேலும் அவர் எதையும் ஊற்றவில்லையே.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் இன்னொரு கூத்து நடக்கும். அம்மா தட்டு வைப்பாள். மாமா சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். “பசிக்கலம்மிணி” என்பார். எப்படிப் பசிக்கும்? கூட்டம் நடந்த வீட்டில் அவருக்குத் தனியாக இலை போட்டிருப்பார்கள், கறியும் வைத்திருப்பார்கள் என்பது என் தீர்மானம். “அங்க எல்லாத்துக்கும் காப்பிதானே குடுத்தாங்க” என்று அம்மா அப்பாவிடம் கிசுகிசுப்பாள். அவள் வெகுளி. எங்களுக்குத்தான் காப்பி. இவ்வளவு அழவைத்தவருக்கு வெறும் காப்பி கொடுத்து அனுப்புவார்களா? அவர் மிச்சம் வைத்த முட்டையை நான் எடுத்துக்கொள்வேன். ஆகச் சனிக்கிழமை மட்டும் எனக்கு முட்டை கிடைத்தது. அது என் முட்டையே எனக்கு எச்சிலாக வந்த வகை என்பதால் சந்தோஷமாகத் தின்ன முடியவில்லை. ஆனாலும் தின்றேன்.

அந்த வருஷம் ஞாயிறு பள்ளியில் ஐயரின் மனைவி ஐயரம்மா, பிள்ளைகளும் சாட்சி சொல்லலாம் என்றார்கள். நான் முதல் ஆளாக எழுந்து நின்றேன். செருமினேன். மாமாவைப் போலவே செருமினேன். “நான் பொய் சொன்னதில்லைங்க. திருடுனதில்லைங்க. தினமும் ஜெபம் பண்ணுவனுங்க” என்றேன். அப்புறம் சொல்ல ஒன்றும் இல்லை. “நல்லது கண்ணு, உக்காரு” என்றார்கள் ஐயரம்மா. ஒருத்தர் கண்ணும் கலங்கவில்லை. எனக்குப் பின்னால் எழுந்த ஒரு பையன், கருப்பட்டியைத் திருடித் தின்று அப்பாவிடம் அடி வாங்கியதைச் சொன்னான். அவன் தலையை ஐயரம்மா தடவிக் கொடுத்தார்கள்.

அன்றைக்குத்தான் எனக்குச் சூட்சுமம் புரிந்தது. நல்லவளாக இருந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முதலில் விரோதியாக இருக்க வேண்டும். பிறகு திருந்த வேண்டும். கட்டில், முட்டை, தலைதடவல் எல்லாம் அந்த வழியாகத்தான் வருகிறது. நான் செய்த தப்பு, பிறந்ததிலிருந்தே தப்புச் செய்யாமல் இருந்தது.

ஈஸ்டர் ஞாயிறு மாமாவுக்கு ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று. அதற்கு முந்தின சனிக்கிழமை நான் விரோதியானேன்.

அப்பமும் திராட்சரசமும் வைக்கிற திருவிருந்து மேசைக்கு விரிக்கிற வெள்ளைத் துணியை வெளுத்துக் கொடுப்பது அந்த மாதம் அம்மாவின் முறை. காலையில் அவள் வீட்டு வெள்ளைத் துணிகளுக்கு நீலம் போட்டபோது நானும் கூட நின்று முக்கிக் கொடுத்தேன். மிச்சம் இருந்த நீலப் பொட்டலத்தை எடுத்து ஒளித்துக்கொண்டேன். மத்தியானம் அம்மா கோயிலுக்குப் போய் அந்தத் துணியை மேசையில் விரித்து, சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு வந்தாள். மாமா கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அவர் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து உள்ளே போனேன். பொட்டலம் முழுவதையும் ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்து வைத்திருந்தேன். ஊற்றினேன்.

பாவம் செய்தால் நெஞ்சு படபடக்கும், கால் நடுங்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. வெள்ளைத் துணியில் நீலம் நாலாபக்கமும் பரவிப் போனது பார்க்க அழகாகக்கூட இருந்தது. மறுநாள் ஆராதனையின் நடுவில் எழுந்து நின்று, “நானும் இந்தச் சபைக்கு விரோதிதானுங்க” என்று ஆரம்பிக்க வேண்டியது. செருமல் ஏற்கெனவே பழகிவிட்டது. மிச்சத்தைச் சபை பார்த்துக்கொள்ளும்.

ஆனால் மறுநாள் வரை அது தாங்கவில்லை. சாயங்காலம் பூ ஜாடி வைக்க வந்த மூப்பர் மேசையைப் பார்த்துவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் ஐயர் வந்தார். பக்கத்துத் தெருவிலிருந்து அம்மாவும் நானும் ஓடினோம். மாமா விளக்குமாற்றைப் பிடித்தபடி சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

“அன்னைக்குச் சிகப்பு, இன்னைக்கு நீலம்” என்றார் மூப்பர். “சாயக்காரன் புத்தி எங்கீங்க போகும் ஐயரே? நாய் வால நிமித்த முடியுங்களா?”

ஐயர் மாமாவைப் பார்த்தார். “மத்தியானத்துல இருந்து நீங்கதான் இங்க இருந்தீங்க. இது என்னங்க?”

மாமா மேசையருகில் வந்தார். துணியின் ஓரத்தை எடுத்து விரலால் தேய்த்தார். விரலைப் பார்த்தார். பிறகு அவர் கண் ஒவ்வொருவராகப் போய், என் கையில் வந்து நின்றது. என் நகக்கண்களெல்லாம் நீலம். நான் மறைக்கவில்லை. எதற்காக மறைக்க வேண்டும்?

“தொவச்சுக் கொண்டாரனுங்க” என்றார் மாமா.

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“தொவச்சுக் கொண்டாரனுங்க ஐயா.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. என் பாவம் என் கண் முன்னாலேயே அவர் கணக்கில் எழுதப்படுகிறது. முன்னால் வந்து நின்றேன். “ஊத்துனது நானுங்க” என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறந்த நாள் முதல் நான் எதிர்பார்த்திருந்த பார்வை. ஆனால் ஐயரின் கண் கலங்கியது வேறு காரணத்துக்கு. “பாருங்க, மாமன் மேல எவ்வளவு அன்பு. பழியத் தன்மேல ஏத்துக்கிறா” என்று என் தலையில் கை வைத்தார். நான் விடவில்லை. கையை விரித்துக் காட்டினேன். அம்மா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “காலைல எங்கூடத் துணிக்கு நீலம் போட்டாளுங்க, அந்தக் கறை” என்று அழுதாள். இன்னொரு தடவை சொன்னேன். அவள் கட்டிக்கொண்டது இன்னும் இறுகியது. நான் செய்த ஒரே பாவத்தையும் புண்ணியமாக்கிவிட்டார்கள்.

“ஞானஸ்நானத்தைக் கிறிஸ்துமசுக்குப் பாத்துக்கலாமுங்க” என்றார் மூப்பர். ஐயரும் தலையாட்டினார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருஷமாக அவள் காத்திருந்த நாள் அது. மாமா துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் பின்னாலேயே போனேன். பரிந்து போகவில்லை, சண்டை போடப் போனேன். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் மாமா துணியைத் தண்ணீரில் அலசினார். நீலம் புகையைப் போலக் கரைந்து போயிற்று. இரண்டாம் அலசலில் பாதி போயிற்று. சோப்புப் போட்டுக் கசக்கிய பிறகு ஒரு துளி இல்லை. பிழிந்து வைத்துவிட்டு, “கையைக் காட்டு கண்ணு” என்றார். என் நகங்களை ஒவ்வொன்றாகப் புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தார். அவர் கைகளில் பழைய சிவப்பு இன்னும் ரேகைகளில் இருந்தது.

“எதுக்குப் பண்ணுனே?”

“சாட்சி சொல்றதுக்கு.”

தேய்த்துக்கொண்டிருந்த விரல் நின்றது. நான் எல்லாவற்றையும் கொட்டினேன். கட்டிலை, முட்டையை, ஐயரம்மா தலை தடவியதை, எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லாததை. “நீங்க ஊத்துனது மட்டும் அப்பிடியே இருக்குது. என்ற பாவாடைல இன்னும் இருக்குது. நான் ஊத்துனது ஒரு அலசலுக்குத் தாங்கல” என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. தோற்றுப்போன அழுகை.

மாமா ஆறுதல் சொல்வார் என்று பார்த்தேன். அவர் மறுபடியும் என் நகத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். “இது வெறும் நீலங் கண்ணு” என்றார் கடைசியில். “போயிருச்சு.”

அவர் அதைச் சந்தோஷமாகச் சொன்னது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக் கொடியில் அந்தத் துணி வெள்ளைவெளேரென்று தொங்கியதை அப்பா பார்த்தார். துணியோடே பிழைக்கிற மனிதர், சாயமாக இருந்தால் இப்படி வெளுக்காது என்று அவருக்குத் தெரியும். அடுக்களைக்குப் போய் நீலப் பொட்டலத்தைத் தேடி, அது இல்லை என்றதும் என்னிடம் வந்தார். “நீதானா கண்ணு?” என்றார்.

“அதைத்தானுங்கப்பா அங்கேயும் சொன்னேன்.”

அவர் நேராக மாமாவிடம் போனார். கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐயரிடம் போய்ச் சொல்கிறேன் என்றார் அப்பா. மாமா வேண்டாம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“சின்னப் புள்ளை மாப்ளை. இந்த வயசுல இப்படியொரு கதை ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் காலத்துக்கும் அதையே சொல்லச் சொல்லுவாங்க. எனக்கென்ன, கிறிஸ்துமசு வரைக்கும் இருந்துக்கறேன்.”

எனக்கு விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டது. சபையில் சாட்சிக்கு ஒரே ஆள் என்று இருந்தவர், போட்டிக்கு இன்னொருத்தி வருவதைப் பொறுக்கவில்லை. இத்தனைக்கும் நான் அவருடைய சொந்த மருமகள்.

ஈஸ்டர் ஞாயிறு காலை கோயில் நிரம்பியிருந்தது. ஞானஸ்நானத்துக்கென்று வாங்கிய வெள்ளை வேட்டியை மாமா கட்டவில்லை. பழைய துணியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டு முடிந்ததும் என் அப்பா எழுந்து நின்றார். பத்து வருஷத்தில் அவர் அப்படி நின்றதே இல்லை என்பதால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குச் செருமக்கூடத் தெரியவில்லை.

“நேத்து மச்சான் மேல பழிய எல்லார்த்துக்கும் முன்னால சொன்னதுனால எல்லார்த்துக்கும் முன்னாலயே சொல்லோணுமுங்க” என்றார். “ஊத்துனது என்ற ஊட்டு ஆளு. மச்சான் இல்லீங்க. அது சாயமும் இல்லீங்க, வெள்ளைத் துணிக்குப் போடற நீலம். ஆரு என்னன்னு கேக்க வேண்டாமுங்க. அப்பன் நான் நிக்கறேன்.”

என் நேரம் வந்துவிட்டது என்று எழுந்தேன். அப்பாவின் கை என் தோளில் விழுந்து அழுத்தியது. உட்கார்ந்துவிட்டேன். பெயர்கூடச் சொல்லாமல் முடித்துவிட்டார். ஆனாலும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. சில பேர் சிரித்தார்கள். ஐயரம்மா விரலை ஆட்டிப் பொய்க்கோபம் காட்டினார்கள். அவ்வளவுதான். யாரும் அழவில்லை, யாரும் என்னை வெறுக்கவும் இல்லை. மன்னிப்புக் கேட்பதற்கு முன்பே மன்னித்துவிட்டால் ஒரு மனுஷி எப்படிச் சாட்சி சொல்வது?

ஐயர் மாமாவை முன்னால் கூப்பிட்டார். ஞானஸ்நானம் இப்போதே ஆகட்டும் என்றார். அதற்கு முன்னால் சாட்சி சொல்ல வேண்டும், அது முறை. மாமா எழுந்து நின்றார். செருமினார். முந்தானைகள் மேலே வந்தன.

“என்ற தங்கச்சி...” என்று ஆரம்பித்தார்.

“போதுமுங்க” என்றார் மூப்பர்.

அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து மெதுவாக எழுந்தார். மாமாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அந்தக் கதைய ஒரு வருசமாக் கேட்டாச்சு. நான்தானுங்க கேக்க வச்சேன். ஒவ்வொரு வாரமும் கேக்க வச்சேன். இனி அதைய ஆரும் கேக்க வேண்டாம், அவரும் சொல்ல வேண்டாம். தண்ணியக் கொண்டாங்க.”

எனக்கு மூப்பரை முதல்முதலாகப் பிடித்துப்போயிற்று. அவருக்கும் என்னைப் போலவே இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வயிறு எரிந்துபோயிருக்கிறது என்று நினைத்தேன். மாமா மூப்பரையே பார்த்துக்கொண்டு நின்றார். வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது. பிறகு தலையைக் குனிந்தார். ஐயர் தண்ணீரை அள்ளி ஊற்றினார். அது மாமாவின் தலையிலிருந்து முகத்தில் வழிந்து, கண்ணீர் எது தண்ணீர் எது என்று தெரியாமல் போயிற்று. வழக்கம்போலச் சபை முழுவதும் அழுதது. கதை சொல்லாமலே அழவைத்துவிட்டார்.

மத்தியானம் வீட்டில் பண்டிகைச் சாப்பாடு. அப்பா கறி எடுத்து வந்திருந்தார். கோழியும் காலையில் ஒரு முட்டை இட்டிருந்தது. அம்மா அதை அவித்து மாமாவின் இலையில் வைத்தாள். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். சாட்சி சொல்ல எழுந்த நாளில் மாமா இரண்டு வாய்க்கு மேல் தின்னமாட்டார், முட்டை தானாக என்னிடம் வரும். அதனால் சோற்றை மெதுவாகப் பிசைந்துகொண்டு காத்திருந்தேன்.

மாமா தின்றார். முதல் சோற்றைத் தின்று முடித்துவிட்டு, “இன்னுங் கொஞ்சம் போடம்மிணி” என்றார். அதையும் தின்றார். குழம்பை இலையோடு வழித்தார். மூன்றாம் தடவையும் சோறு கேட்டார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித் தின்று நான் பார்த்ததில்லை. பட்டினி கிடந்து வந்த ஆள் தின்பதைப் போல இருந்தது. கடைசியில் முட்டையை எடுத்தார். என் பக்கம் நீட்டுவார் என்று கையை முன்னால் கொண்டுபோனேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. இரண்டே வாயில் முட்டை போய்விட்டது.

இன்றைக்கு என்று பார்த்து எந்த வீட்டிலும் இவருக்குக் கறி போடவில்லையே என்று எனக்கு அழுகையாக வந்தது. அம்மாவிடம் முறையிடலாம் என்று நிமிர்ந்தேன். அவள் கரண்டியைக் கையில் வைத்தபடி, பரிமாறுவதை மறந்து, மாமா தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் தன் இலையில் கை வைக்காமல் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஒரு ஆள் சோறு தின்பதைப் பார்த்து எதற்காக அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. முட்டையைப் பறிகொடுத்தவள் நான் அல்லவா?